கோராய்க்குப் படகா, கோபோலிக்கு வண்டியா?

மே மாதம் பத்து நாள் மும்பைக்கு வருவதாகப் பாளையங்கோட்டையிலிருந்து அண்ணன் போன் செய்தார். கூடவே மதினி, பதினான்கு வயது மருமகன், எட்டு வயது மருமகள். "பெரிய பார்க்குக்குப் போகணும்னு ரெண்டும் ஒத்தக் கால்ல நிக்குது. ஒரு நாள்தான், ஒரு இடம்தான். எதுன்னு நீயே சொல்லிரு" என்றார். யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத எழுத, மும்பையில் இருக்கிற மற்ற வீடுகளிலும் மே மாதம் இதே பேச்சுத்தானே ஓடும் என்று தோன்றியது. அதனால் எல்லோருக்குமாகவே எழுதிவிட்டேன்.

மும்பையில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள்தான். ஒன்று கோராய்: எஸ்செல்வேர்ல்டும் அதை ஒட்டிய வாட்டர் கிங்டமும். இன்னொன்று புனே போகிற வழியில் கோபோலிக்குப் பக்கத்தில் இருக்கும் இமேஜிகா. இரண்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை குடும்பத்தோடு போய் வந்திருக்கிறேன். நான் ஒப்பிடும் முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ரைடு உயரம், எது வேகம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நான் பார்ப்பது, பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை. நம் வீட்டுக் கூட்டம் எங்கே போனாலும் ஒருவர் அப்படி உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் அம்மா, இல்லாவிட்டால் மதினி. டிக்கெட் அவருக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். நாள் முழுக்க அவருக்கு என்ன கிடைக்கிறது?

கோராயிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் பாசம் முதலில் அங்கேதான் போகிறது.

எஸ்செல்வேர்ல்டு 1989-ல் திறந்தது. சுபாஷ் சந்திராவின் எஸ்செல் குழுமம் கட்டியது. ஜீ டிவி அதற்குப் பிறகுதான் வந்தது. நாங்கள் அப்போது தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இருந்தோம். அந்தப் பார்க்கின் டிவி விளம்பரம் வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பாடுவோம். ஒரு தீபாவளி போனஸில் அப்பா எங்களைக் கூட்டிப்போனார். தாதரில் ரயில் மாறி, மலாடில் இறங்கி, பஸ்ஸில் மார்வே, அங்கிருந்து படகு. ராட்டினங்களில் எதில் ஏறினோம் என்பது பாதி மறந்துவிட்டது. படகு மறக்கவில்லை. கழிமுகத் தண்ணீரின் உப்பு வாசம், இரண்டு பக்கமும் அலையாத்திச் செடிகள், அப்பா ஒரு கையால் என் கவுனின் முதுகைப் பிடித்துக்கொண்டே இருந்தது எல்லாம் அப்படியே இருக்கிறது. அண்ணனுக்கும் நினைவிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோராய், மனோரி, உத்தன் கிராமங்கள் இருக்கும் அந்த நிலத்துக்குப் பழைய பெயர் தாராவி பேட். 'பேட்' என்றால் மராத்தியில் தீவு. தாராவியிலிருந்து கிளம்பி இன்னொரு தாராவிக்குப் போயிருக்கிறோம் என்பது எனக்கே வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அந்த எஸ்செல்வேர்ல்டு, அதாவது ராட்டினங்களும் ரோலர் கோஸ்டரும் இருந்த பகுதி, சில ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது. இன்று கோராய் என்றால் 1998-ல் வந்த வாட்டர் கிங்டம்தான். ஊரிலிருந்து வருகிறவர்கள் பழைய கதைகளைக் கேட்டுவிட்டு ஜிப்பர் டிப்பர் என்ற அந்தப் பழைய ரைடு எங்கே என்று தேடுவார்கள். அதை முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போவது நல்லது.

வாட்டர் கிங்டத்தில் எல்லோரும் போய் விழுகிற இடம் அந்த அலைக்குளம். வெட்லாண்டிக் என்று பெயர். இப்படிப்பட்ட குளங்களில் பெரும்பாலும் ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறைகள் இருக்கும். அந்த அறைகளுக்குள் காற்றை விட்டுவிட்டு அழுத்தித் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள், அது அலையாக எழும்பிக் கரை வரைக்கும் வரும். சங்கு ஊதியதும் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கத்துகிற அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே ஒரு முறை போகலாம். கடலுக்குப் போன மாதிரியும் இருக்கும், கடலின் பயமும் இருக்காது. கோராய், மார்வே கடலில் மட்டும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், இழுப்பு அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆழமில்லாத குளங்களும் குட்டைச் சறுக்குகளும் தனியாக இருக்கின்றன. எட்டு வயது மருமகளைச் சாயங்காலம் வரை வெளியே வரவைக்க முடியாது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. எங்கள் சித்தப்பா ஒரு முறை வந்தபோது, குற்றாலத்தில் சும்மா விழுகிற தண்ணிக்கு இங்கே டிக்கெட்டா என்று வாசலிலேயே கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றவருக்கு எந்த செயற்கை அருவியும் அருவியாகத் தெரியாது. வாட்டர் பார்க்கில் புதிதாகக் கிடைப்பது சறுக்குகளும் அலையும்தான், தண்ணீர் அல்ல. தாமிரபரணியில் நீச்சல் பழகிய பிள்ளைகளை மும்பை வரை கூட்டி வந்து மறுபடியும் தண்ணீரிலேயே இறக்கிவிடுவதா என்று எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது.

அப்புறம் உடுப்பு. எல்லா வாட்டர் பார்க்கிலும் நைலான், லைக்ரா மாதிரித் துணிகளைத்தான் அனுமதிப்பார்கள். சேலை, சுடிதார், பருத்தித் துணி எதுவும் ஆகாது. அதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தியிலிருந்து உதிரும் நூல் வடிகட்டிகளை அடைக்கும், தொங்குகிற துணி சறுக்கின் இணைப்புகளில் சிக்கும். வாடகைக்கு உடுப்பு கிடைக்கும், முழுக்கை, முழுக்கால் வைத்ததை வீட்டிலிருந்து வாங்கிப்போனால் இன்னும் வசதி. ஆனால் என் அம்மாவோ மதினியோ அதைப் போடப்போவதில்லை. போடுங்கள் என்று வற்புறுத்தவும் எனக்கு மனம் வராது. அதனால் தண்ணீர் பார்க்கில் அவர்கள் இருவரும் காலை பத்தரை மணிக்குக் குடை நிழலில் உட்கார்ந்தால், செருப்பு, போன், பணம், ஈரத் துண்டு எல்லாவற்றையும் காவல் காத்துக்கொண்டு மாலை வரை அங்கேதான். போன முறை அம்மா முகம் சுளிக்கவில்லை. "நீங்க குளிச்சிட்டு வாங்கட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். ஆறு மணி நேரம் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து போட்டோக்களைப் புரட்டும்போது எதிலும் அம்மா இல்லை.

கோராயில் அம்மாவுக்கு நிஜமாகவே பிடித்தது ஒன்று உண்டு. அது பார்க்குக்கு வெளியே, அதன் மதில் ஓரத்திலேயே நிற்கும் உலக விபாசனா பகோடா. தங்க நிறத்தில் கிட்டத்தட்ட 96 மீட்டர் உயரம், படகிலிருந்தே தெரியும். 2009 பிப்ரவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டில் திறந்துவைத்தார். உள்ளே எட்டாயிரம் பேர் உட்காரக்கூடிய தியான மண்டபம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி செதுக்கிய கற்களாலேயே அந்தக் கூரை நிற்கிறது. ரங்கூனில் இருக்கும் ஷ்வேடகான் பகோடாவின் வடிவத்தில் கட்டியது. இதை எழுப்பக் காரணமாக இருந்த விபாசனா தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா பர்மாவின் மண்டலேயில் பிறந்தவர்.

அம்மாவின் பெரியப்பா ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். யுத்த காலத்தில் ஊர் திரும்பியவர். தங்கக் கோபுரம், தங்கக் கோபுரம் என்று அவர் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் அம்மா. விபாசனா பயிற்சி எடுக்காதவர்கள் மண்டபத்துக்குள் போக முடியாது. கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அம்மா அந்தக் கண்ணாடியில் நெற்றி படும்படி ரொம்ப நேரம் நின்றாள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் மதிலுக்கு அந்தப் பக்கம் அலைக்குளத்தில் இருந்தோம், அம்மாவோடு என் வீட்டுக்காரர் மட்டும்தான் வந்திருந்தார். குடும்பம் இரண்டாகப் பிரிந்துதான் அந்தச் சந்தோஷம் கிடைத்தது.

இப்போது கோபோலி.

இமேஜிகாவை 2013 ஏப்ரலில் திறந்தார்கள். ஆட்லேப்ஸ் நிறுவனத்தின் மன்மோகன் ஷெட்டி தொடங்கியது. சினிமாக்காரர் கட்டிய பார்க் என்பது உள்ளே நுழைந்ததுமே தெரியும், ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு கதையும் ஒரு செட்டும் இருக்கும். 2022-ல் மல்பானி குழுமத்தின் கைக்குப் போனது. வாட்டர் பார்க்கும் பனிப் பார்க்கும் பக்கத்திலேயே உண்டு, ஆனால் அவற்றுக்குத் தனித்தனி டிக்கெட். ஒரே நாளில் தீம் பார்க்கையும் வாட்டர் பார்க்கையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டிலும் பாதிதான் பார்ப்பீர்கள்.

மருமகனுக்கு வேண்டியது நைட்ரோ, அதைச் சந்தேகமில்லாமல் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் - மபில்லார்டு நிறுவனம் செய்த ரோலர் கோஸ்டர். சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் இறக்கும், ஐந்து முறை தலைகீழாகப் புரட்டும். ஏறி உட்கார்ந்து தோள்பட்டைக் கம்பியைப் பூட்டியதும் காலுக்குக் கீழே இருக்கும் தளம் விலகிவிடும். பெட்டிக்குத் தரையே கிடையாது, கால் அந்தரத்தில் தொங்கும். நான் ஒரே ஒரு முறை ஏறினேன். உச்சிக்கு இழுத்துப்போகிற சங்கிலியின் 'கடக் கடக்' சத்தம் நின்ற அந்த ஒரு நொடியில் திருச்செந்தூர் முருகனைக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு கூப்பிடவும் நேரமில்லை. அந்த உச்சிக்கு அப்புறம் எந்த மோட்டாரும் தள்ளுவதில்லை. ஏறின உயரம்தான் முழு ஓட்டத்துக்கும் கைமுதல், அதனால்தான் அடுத்து வரும் எந்த வளையமும் முதல் உச்சியை எட்டுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று மனப்பாடம் செய்கிறானே, அதை வயிற்றால் புரிந்துகொண்டு இறங்குவான்.

டீப் ஸ்பேஸ் வேறு மாதிரி. கட்டடத்துக்குள்ளே, கும்மிருட்டில் ஓடும் கோஸ்டர். இதில் மேலே இழுத்துப்போகிற வேலையே இல்லை, காந்த விசையால் சடாரென்று தள்ளிவிடும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாததால் நைட்ரோவைவிட இதற்குத்தான் என் மகன் பயந்தான்.

எட்டு வயதுக்காரிக்கு ராஜசாரஸ் படகு. ராஜசாரஸ் கற்பனை மிருகம் இல்லை. குஜராத்தில் பாலாசினோர் பக்கத்து ராயோலியில் எடுத்த எலும்புகளை வைத்து 2003-ல் பெயர் சூட்டிய நிஜமான டைனோசர், முழுப் பெயர் ராஜசாரஸ் நர்மதென்சிஸ். தலையில் சின்னக் கொம்பு வைத்த மாமிச உண்ணி. படகு காட்டுக்குள் மெதுவாகப் போய், மிருகம் எட்டிப்பார்த்து, கடைசியில் மேலேயிருந்து தண்ணீருக்குள் பாய்ந்து இறங்கும். எல்லோரும் நனைவோம். நம் நாட்டு மண்ணில் நடந்த மிருகம் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போங்கள், பார்க்கிற பார்வையே மாறும். உயரம் போதாத பிள்ளைகளை நைட்ரோ மாதிரி ரைடுகளில் விடமாட்டார்கள், வாசலிலேயே அளவு பார்ப்பார்கள். கெஞ்சினாலும் நடக்காது, நடக்கவும் கூடாது. அந்தக் கம்பி பெரிய உடம்புக்காகச் செய்தது.

இனி, பையைப் பார்த்துக்கொள்பவர். இமேஜிகாவில் பல ரைடுகள் கூரைக்குள், ஏசியில், உட்கார்ந்தபடியே பார்ப்பவை. அலிபாபா குகைக்குள் வண்டியில் உட்கார்ந்து துப்பாக்கியால் குறிபார்த்துப் புள்ளி சேர்க்கலாம். அம்மா ஒரு திருடனைக்கூடச் சுடவில்லை, ஆனால் வண்டி ஆடும்போதெல்லாம் பக்கத்தில் இருந்த பேரனைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைவிடப் பெரியது 'ஐ ஃபார் இந்தியா'. நாற்காலியில் உட்காரவைத்துப் பெல்ட் போடுவார்கள். நாற்காலி வரிசை அப்படியே முன்னால் நகர்ந்து, கால் தொங்க, மிகப் பெரிய வளைந்த திரைக்கு முன்னால் போய் நிற்கும். முகத்தில் காற்று அடிக்கும், நாற்காலி சாயும், நாம் இந்தியாவின் மேலே பறப்போம். பனிமலை, பாலைவனம், கோவில், கடற்கரை என்று ஒவ்வொன்றாகக் காலுக்குக் கீழே போகும். அம்மா வாழ்க்கையில் விமானம் ஏறியதில்லை. நெல்லைக்கும் மும்பைக்கும் இடையே ரயில்தான், அதுவும் முக்கால்வாசி ஸ்லீப்பர். முதல் நிமிடம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவள் அப்புறம் விட்டுவிட்டுச் சுட்டிக்காட்ட ஆரம்பித்தாள். வெளியே வந்ததும், இன்னொரு தடவை விடுவாங்களா என்று கேட்டாள். விட்டார்கள். இரண்டாம் முறை எல்லோருமாகப் போனோம். அதில் எடுத்த மாதிரி ஒரு போட்டோ எங்களிடம் வேறு இல்லை: பாட்டியிலிருந்து பேரன் வரை எல்லோருடைய தலைமுடியும் கலைந்திருக்கும்.

பைகளை லாக்கரில் போட்டுவிட்டோம். கொஞ்சம் காசுதான். அந்தக் காசு ஒருவரை விடுதலை செய்கிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

குறைகள் இல்லாமல் இல்லை. செலவு அதிகம். எட்டுப் பேருக்கு வண்டி வாடகை, டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்தால், எங்கள் கணக்கில் கோராய் நாளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். வார நாளில் போனால் டிக்கெட்டிலும் குறையும், வரிசையிலும் குறையும். மே மாத ஞாயிற்றுக்கிழமை போவது வீண். தூரமும் ஒரு குறை. செம்பூரிலிருந்து வாஷி, பன்வேல் வழியாக எக்ஸ்பிரஸ் ஹைவே பிடித்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோபோலிக்கு லோக்கல் ரயில் உண்டு, ஆனால் கர்ஜத்துக்கு அப்புறம் வண்டிகள் குறைவு. முதல் முறை நாங்கள் ரயிலில் போய், திரும்பும்போது ஒன்றைத் தவறவிட்டு, தூங்கிப்போன பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். கூட்டமாகப் போவதென்றால் டெம்போ டிராவலர் எடுங்கள். வெயிலும் கடுமை, அதனால் திறந்தவெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் கூரைக்குள் போய், சாயங்காலம் ராஜசாரஸில் நனைவதுதான் சரியான வரிசை. சாப்பாடு இரண்டு இடத்திலும் வெளியிலிருந்து கொண்டுபோகக் கூடாது. இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி வாழையிலையில் கட்டிக்கொண்டுபோய் வழியிலேயே முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

கோபோலிப் பக்கத்துக்கு இன்னொரு நல்லதும் உண்டு, நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. மராட்டியத்தின் அஷ்டவிநாயகத் தலங்களில் இரண்டு அந்த வட்டாரத்தில்தான். கோபோலிக்குச் சற்று முன்னால் மகாட் வரதவிநாயகர். இமேஜிகா இருக்கும் அதே பாலி ரோட்டில் மேலும் போனால் பல்லாளேஸ்வரர். பாலி வரை போனால் நாள் போதாது, ஆனால் மகாட் வழியில்தான். விடியற்காலையில் கிளம்பினால் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டே பார்க் திறக்கிற நேரத்துக்குப் போய்விடலாம். சித்தப்பா மாதிரி ஆட்களை வண்டியில் ஏற்ற இது ஒன்று போதும்.

சரி, முடிவு. என் ஓட்டு இமேஜிகாவுக்கு. கோராய்மீது எனக்கு இருப்பது அப்பாவோடு சேர்ந்த பிரியம், அதை யாரும் எடுத்துவிட முடியாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் கோராயில் நான் நேசிக்கிற இரண்டும், படகும் பகோடாவும், பார்க் டிக்கெட் இல்லாமலே கிடைப்பவை. அதனால் அண்ணனுக்கு நான் சொல்வது: பார்க்குக்கென்று வைத்த அந்த ஒரு நாளை இமேஜிகாவுக்குக் கொடுங்கள். வேறொரு நாள் மதியத்துக்கு மேல் போரிவலிக்கு ரயிலில் போய், கோராய் ஜெட்டியில் படகேறி, பகோடாவைப் பார்த்துவிட்டு அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடலாம். ஆச்சியும் வருவாள்.

எல்லோருக்கும் இதே முடிவு பொருந்தாது. மலாட், போரிவலி, மீரா ரோடு பக்கம் குடியிருந்து, பிள்ளைகள் எல்லாம் ஏழெட்டு வயதுக்குக் கீழே என்றால் வாட்டர் கிங்டமே போதும். அந்த வயதில் நைட்ரோவைத் தூரத்திலிருந்து பார்த்து அழத்தான் முடியும். பெரியவர்களும் தயங்காமல் தண்ணீரில் இறங்குகிற வீடு என்றாலும் அதுவே மேல். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் போவதென்றால் இரண்டுமே யோசிக்க வேண்டியவை. ஒரு பக்கம் படகு நிற்கலாம், இன்னொரு பக்கம் மழை வலுத்தால் திறந்தவெளி ரைடுகள் நிற்கும்.

கிளம்புவதற்கு முன் அண்ணன் செய்ய வேண்டியது: மருமகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, பார்க்கின் அட்டவணையோடு சரிபார்த்து, எதில் ஏற முடியாது என்பதை அவளிடம் பாளையங்கோட்டையிலேயே சொல்லிவிட வேண்டும். வரிசையில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு தெரிந்தால் அழுகை தாங்காது. செருப்பு வேண்டாம், வார் வைத்த ஷூ. கழுத்துச் சங்கிலியை எங்கள் வீட்டு பீரோவில் வைத்துவிட்டு வரலாம். இருதயம், ரத்த அழுத்தம், கழுத்து வலி உள்ளவர்கள் கோஸ்டர் பக்கமே போக வேண்டாம். அண்ணனுக்கே இடுப்பு வலி உண்டு, அவர் கீழே நின்று வீடியோ எடுத்தால் போதும்.

இவ்வளவையும் எழுதி நேற்று ராத்திரி அனுப்பினேன். பிள்ளைகள் பதிலுக்கு நைட்ரோ, நைட்ரோ என்று பத்து முறை அனுப்பியிருந்தார்கள். மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: அந்தப் பறக்கிற நாற்காலியில் சேலையோடு உட்காரலாமா?

உட்காரலாம் மதினி. அம்மா சுங்குடிச் சேலையில்தான் உட்கார்ந்தாள்.